சுற்றுச்சூழல் படிப்புக்குக் கல்விக்கடன்: சம்பளத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

காட்டுயிரியல், சூழலியல், சுற்றுச்சூழல் அறிவியல் என்று எதில் எம்.எஸ்சி. சேர்ந்தாலும் வீட்டில் முதலில் வரும் கேள்வி, "பேங்க்ல எவ்வளவு கடன் கிடைக்கும்?" கேட்க வேண்டியது வேறு: படித்து முடித்த கையோடு மாதம் எவ்வளவு தவணை கட்ட முடியும்?

அதற்கு முதல் வேலையின் சம்பளம் தெரிய வேண்டும். தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்று பிஎச்.டி. சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் உண்டு (2023 முதல் இந்த விகிதம்). யூ.ஜி.சி. நெட்டில் சுற்றுச்சூழல் அறிவியல் தனிப் பாடம். முதுநிலை, ஆய்வுப் படிப்புச் சேர்க்கைக்கான கேட் தேர்விலும் சூழலியலும் பரிணாமமும் தனித் தாளாக இருக்கிறது. இவை இல்லாமல் தொண்டு நிறுவனத் திட்டத்தில் கள உதவியாளராகச் சேர்ந்தால் அது பெரும்பாலும் ஆண்டு ஒப்பந்தம், படிகள் தனியாக இல்லாத தொகுப்புச் சம்பளம். ஆலோசகர் என்ற பெயரில் எடுத்தால் 10 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமானவரி) பிடிப்பார்கள். 25,000 என்றால் கைக்கு வருவது 22,500. வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்தால் பிடித்த பணம் திரும்பும். வரி வரம்புக்குக் கீழே இருக்கிறோமே என்று பலர் தாக்கல் செய்யாமல் அதை இழக்கிறார்கள்.

இந்திய வனப் பணியை நம்பிக் கடன் வாங்குபவர்கள் தகுதிப் பட்டியலை இப்போதே பாருங்கள். தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், புவியியல் (ஜியாலஜி), கால்நடை மருத்துவம் ஆகியவற்றில் ஒன்றைப் பாடமாகக் கொண்ட பட்டம் வேண்டும். அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். சுற்றுச்சூழல் அறிவியல் அந்தப் பட்டியலில் இல்லை. பி.எஸ்சி. சேரும்போதே துணைப்பாடத்தைக் கவனிக்காவிட்டால் மூன்று வருடம் கழித்துத் தெரிந்து பயனில்லை.

இனி கணக்கு. கையில் 22,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கள வேலையில் இருப்பவருக்கு, ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தவணைக்குப் போனால் தாங்காது என்பது எங்கள் கணிப்பு. அதாவது 4,400 ரூபாய். பத்து சதவீத வட்டி, ஏழு ஆண்டு என்றால் ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை 1,660. ஆக, தவணை தொடங்கும் நாளில் பாக்கி 2,65,000-ஐத் தாண்டக்கூடாது.

"தொடங்கும் நாளில்" என்பதுதான் முக்கியம். ஆறு மாதத்துக்கு 75,000 வீதம் நான்கு தடவையாக 3 லட்சம் வாங்குகிறீர்கள். படிப்பு இரண்டு ஆண்டு, பிறகு தவணை தொடங்க ஓராண்டு அவகாசம். அந்த மூன்று ஆண்டில் தனிவட்டி 67,500 ஏறி, பாக்கி 3,67,500 ஆகிறது. தவணை 6,100. அதைப் பதினைந்து ஆண்டுக்கு இழுத்தால் 3,950 ஆகக் குறையும், ஆனால் மொத்தம் கட்டுவது 5.12 லட்சத்திலிருந்து 7.1 லட்சமாக ஏறும்.

படிக்கும்போதே வட்டியைக் கட்டிவிடுவது நல்லது. முதல் ஆறு மாதம் மாதம் 625 ரூபாய், அடுத்து 1,250, பிறகு 1,875, கடைசியில் 2,500. இதைக் கட்டிவந்தால் தவணை 4,980-இல் நிற்கும். சில வங்கிகள் இதற்கு வட்டியில் ஒரு சதவீதம் வரை சலுகையும் தருகின்றன. கிளையில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

விண்ணப்பிக்கும் முன் உங்கள் கல்லூரி, மத்திய அரசின் கல்விக்கடன் திட்டமான பி.எம். வித்யாலட்சுமியின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சொத்து அடமானமும் ஜாமீனும் தேவையில்லை. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்கு அவகாசக் காலத்தில் 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. கட்டணம் குறைந்த அரசுக் கல்லூரி கிடைத்தால் கடனே தேவைப்படாமல் போகலாம். ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் காட்டுயிர் உயிரியல் துறை இருக்கிறது, அங்கே முதலில் விசாரியுங்கள்.

கல்லூரியில் வாங்கும் செலவுச் சான்றில் கல்விக் கட்டணமும் விடுதியும் மட்டும் போட்டுத் தருவார்கள். களப்பயணம், ஆய்வேட்டுச் செலவு, மடிக்கணினி, பைனாகுலர் ஆகியவற்றையும் துறைத்தலைவரிடம் சொல்லிச் சேர்க்கச் செய்யுங்கள். கடன் ஒப்புதலான பிறகு தொகையைக் கூட்டுவது பெரும்பாடு. நான்காம் பருவத்தில் காட்டுக்குப் போகப் பணமில்லாமல் வெளியில் கடன் வாங்குவது இதனால்தான்.

இந்தத் துறையில் தவணை தவறுவதற்குச் சம்பளக் குறைவு மட்டும் காரணமல்ல, இடைவெளியும்தான். ஒரு திட்டம் மார்ச்சில் முடியும், அடுத்தது ஜூலையில் தொடங்கும். ஜே.ஆர்.எஃப். பணமும் மூன்று மாதம் சேர்த்து வருவதுண்டு. தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். கூட்டுக் கடனாளியான அப்பா அல்லது அம்மாவின் சிபில் மதிப்பெண்ணும் (கடன் கட்டும் ஒழுங்கைக் காட்டும் மதிப்பெண்) சேர்ந்து விழும். ஆகவே முதல் சம்பளத்திலிருந்தே ஆறு தவணைக்கான பணத்தைத் தனிக்கணக்கில் சேருங்கள், தானாகப் பிடிக்கும் தவணையை அந்தக் கணக்கோடு இணையுங்கள். வேலை முடியப்போகிறது என்று தெரிந்ததும், தவணை தவறுவதற்கு முன்பே, ஒப்பந்த முடிவுக் கடிதத்தோடு கிளை மேலாளரிடம் தவணை நிறுத்தம் கேட்டு மனுக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.