டாப் ஹோஸில் இன்னொரு தெர்மோஸ்டாட்: எங்கே சொதப்புகிறார்கள்?

ரோவர் 75 டீசலிலும் ஃப்ரீலேண்டர் டிடி4-இலும் இருப்பது பிஎம்டபிள்யூவின் எம்47 எஞ்சின். பிரிட்டனில் இந்த வண்டிகளை வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த தலைவலி ஒன்று உண்டு. எஞ்சின் சூடாகும்வரை கூலண்டை (எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்) ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். ஒரிஜினல் தெர்மோஸ்டாட் வயதாகி, முழுக்க மூடாமல் திறந்தபடியே நின்றுவிடும். கூலண்ட் எப்போதும் ரேடியேட்டர் வழியாகவே சுற்றும். குளிர்காலத்தில் நெடுஞ்சாலையில் போனால் எஞ்சின் 70 டிகிரியைக்கூட எட்டாது. ஹீட்டர் சூடாகாது, டீசல் கூடுதலாகக் குடிக்கும். அந்தத் தெர்மோஸ்டாட்டோ எளிதில் கை நுழையாத இடத்தில் இருக்கிறது. எம்ஜி ரோவர் கம்பெனி 2005 ஏப்ரலிலேயே திவாலாகிவிட்டது. அதனால் பழையதை அப்படியே விட்டுவிட்டு, எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குச் சுடுநீர் போகும் டாப் ஹோஸை வெட்டி நடுவில் இன்னொரு தெர்மோஸ்டாட்டைச் சொருகிவிடுகிறார்கள். செலவு குறைவு, பலனும் உண்டு. ஆனால் நோய் தெரியாமல் இதைச் செய்தால் எஞ்சினுக்கே ஆபத்து.

முதல் தவறு, இதை ஓவர்ஹீட்டிங்குக்கு மருந்து என்று நினைப்பது. தெர்மோஸ்டாட் எஞ்சினின் குறைந்தபட்ச வெப்பத்தைத்தான் காக்கும். அதிகபட்சத்தைக் காப்பது ரேடியேட்டரும் ஃபேனும் வாட்டர் பம்ப்பும். ஒரிஜினல் மூடியபடி சிக்கியிருந்தால், அதே பாதையில் இன்னொன்றை வைத்து என்ன ஆகப்போகிறது? கதவு பூட்டியிருக்கிறதென்று அதன் முன்னால் இன்னொரு கதவை வைப்பது போலத்தான். (நம் ஊரில் சில மெக்கானிக்குகள் இதற்கு நேர் எதிர்: வண்டி சூடானால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். அதுவும் வைத்தியம் இல்லை.)

சரி, திறந்தபடிதான் நிற்கிறது என்று எப்படி உறுதிப்படுத்துவது? டேஷ்போர்டு முள்ளை நம்ப வேண்டாம். பெரும்பாலான கார்களில் அது பல டிகிரி வித்தியாசத்துக்கும் அசையாமல் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். ஓபிடி ஸ்கேனரை (எஞ்சின் கம்ப்யூட்டரின் அளவுகளைப் படிக்கும் கருவி) செருகி கூலண்ட் வெப்பத்தைப் பாருங்கள். இன்னும் எளிய வழி, காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஃபேன், பெல்ட் பக்கம் போகாமல், டாப் ஹோஸின் ரேடியேட்டர் முனையில் கை வைத்துப் பார்ப்பது. தெர்மோஸ்டாட் நல்லதாக இருந்தால் அந்த முனை நெடுநேரம் குளிர்ந்தே இருக்கும். எஞ்சினோடு சேர்ந்து அதுவும் வெதுவெதுப்பாகிக்கொண்டே வந்தால் தெர்மோஸ்டாட் முழுக்க மூடாமல் தண்ணீரை விடுகிறது. ஹோஸ் குளிர்ந்திருக்கிறது, ஸ்கேனரும் குறைவாகவே காட்டுகிறது என்றால் சென்சாரைச் சந்தேகியுங்கள். ஹோஸை வெட்ட அவசரப்படாதீர்கள்.

அடுத்தது திசை. தெர்மோஸ்டாட்டின் உள்ளே மெழுகு அடைத்த சிறு குப்பி இருக்கிறது. சூட்டில் மெழுகு விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும். குப்பியும் ஸ்பிரிங்கும் உள்ள பக்கம் எஞ்சினைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பி வைத்தால் குப்பி ரேடியேட்டரின் குளிர்ந்த தண்ணீரில் கிடக்கும். எஞ்சின் கொதித்தாலும் அதற்கு விவரம் போய்ச் சேராது. டாப் ஹோஸுக்குப் பதில், ரேடியேட்டரிலிருந்து எஞ்சினுக்குத் திரும்பும் பாட்டம் ஹோஸில் வைப்பதும் இதே கதிதான். அந்த இடத்துக்கென்றே பைபாஸோடு (ரேடியேட்டருக்குப் போகாமல் தண்ணீர் எஞ்சினுக்கே திரும்பும் பாதை) வடிவமைத்த வண்டிகள் வேறு.

பலர் விட்டுவிடுவது ஒரு சின்ன ஓட்டை. ஒரிஜினல் தெர்மோஸ்டாட்டைத் தொட்டபடி எஞ்சினின் சுடுநீர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். ஹோஸ் நடுவில் இருப்பதற்கு அந்த வசதி இல்லை. அது மூடியிருக்கும்வரை அங்கே தண்ணீர் தேங்கியே நிற்கும், சூடு மெதுவாகத்தான் வந்து சேரும். தெர்மோஸ்டாட்டின் தட்டில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் துளை இருந்தால் கொஞ்சம் தண்ணீர் கசிந்து குப்பியைச் சூடாக்கும், சிக்கிய காற்றும் வெளியேறும். அந்தத் துளையில் ஆடும் ஊசி வைத்த மாடல் என்றால் ஊசி மேல் பக்கம் வரும்படி பொருத்துங்கள். துளையைப் பெரிதாக்கிவிட்டால் குளிரில் பழைய கதை திரும்பிவிடும். எஞ்சினுக்கு எவ்வளவு அருகில் வைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

வால்வு மூடியிருக்கும்போது கூலண்ட் சுற்ற வேறு பாதை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஹீட்டர் லைன் எப்போதும் திறந்திருக்கும் வண்டியில் கவலை இல்லை. ஹீட்டரை அணைத்தால் தண்ணீரையே நிறுத்திவிடும் வால்வு உள்ள வண்டியில், பைபாஸும் இல்லையென்றால், இந்த வேலையில் இறங்காதீர்கள். ஃபேன் சுவிட்ச் ரேடியேட்டரில் இருக்கும் பழைய வண்டிகளில் இன்னொரு சிக்கல்: புதிய தெர்மோஸ்டாட் மூடியபடி மாட்டிக்கொண்டால் ரேடியேட்டர் குளிர்ந்தே இருக்கும், ஃபேனும் சுற்றாது.

டிகிரியில் புத்திசாலித்தனம் வேண்டாம். கம்பெனி 88 போட்டிருந்தால் அதையொட்டியே வாங்குங்கள்; 74 வைத்தால் வேலை செய்ததற்கே அர்த்தமில்லை. மாட்டும் முன் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை அடியில் படாமல் நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு கொதிக்க விடுங்கள். அதில் பொறித்த எண்ணுக்கு அருகில் வால்வு விலகத் தொடங்க வேண்டும். புதுசும் கெட்டுப்போய் வரும்.

ஹோஸை நேராக, சாய்வில்லாமல் வெட்டுங்கள். கிளிப்பை வெறிகொண்டு முறுக்கினால் பிளாஸ்டிக் ஹவுசிங் விரிசல் விடும். கூலண்ட் நிரப்பும்போது காற்றை வெளியேற்றும் பிளீட் ஸ்க்ரூவில் குமிழி வருவது நிற்கும்வரை பொறுமை வேண்டும். பிளாஸ்டிக் ஸ்க்ரூவாக இருந்தால் லேசான கை போதும்.

முடித்தபின் ஸ்கேனரோடு ஒரு சுற்று போய் வாருங்கள். வெப்பம் 88 பக்கம் ஏறி, இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டாலும் அங்கேயே ஒட்டி நின்றால் சரியாகப் பொருத்தியிருக்கிறீர்கள். 100-ஐத் தாண்டி ஏறி, சட்டென்று 75-க்கு விழுந்து, மறுபடி ஏறினால் அந்தத் துளையைப் பாருங்கள், அல்லது தெர்மோஸ்டாட்டை எஞ்சின் பக்கம் இன்னும் நகர்த்துங்கள். ஏறியது இறங்கவே இல்லையென்றால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். முழுக்க ஆறும்வரை கூலண்ட் மூடியைத் திறக்கக் கூடாது.