ஹார்மோன் சிகிச்சை ஆய்வைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதவிடாய் முற்றிலும் நின்ற பெண்களுக்கான ஹார்மோன் சிகிச்சையை அச்சத்தோடு பேசுபவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, பெரும்பாலும் ஒரே ஆய்வைத்தான் மனத்தில் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நடந்த 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்னும் அந்த ஆய்வில் 50 முதல் 79 வயது வரையிலான 16,608 பெண்களுள் ஒரு பிரிவினருக்குப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனும் அதற்குத் துணையாகத் தரப்படும் புரோஜெஸ்டின் என்னும் ஹார்மோனும் சேர்ந்த மாத்திரையும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத மாத்திரையும் தரப்பட்டன. நன்மையைவிடத் தீங்கு மிகுதி எனக் கண்டதால் 2002 ஜூலையில் அதனை இடையிலேயே நிறுத்தினார்கள். ஆய்வு செம்மையாகவே நடந்தது. அது படிக்கப்பட்ட விதத்தில்தான் பிழைகள் நேர்ந்தன.

மார்பகப் புற்றுநோய் 26 விழுக்காடு கூடியது என்ற செய்தியை, நூறு பெண்களில் 26 பேருக்கு அந்நோய் வரும் என்று பலர் புரிந்துகொண்டது முதல் தவறு. மருந்தில்லாத மாத்திரை உண்டவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு 30 பேர் என்றிருந்த எண்ணிக்கை, ஹார்மோன் உண்டவர்களில் 38 ஆனது. அந்த எட்டுப் பேரின் துன்பம் சிறியதன்று. ஆனால் மாதவிடாய் நின்றபின் இரவெல்லாம் வியர்த்து உறக்கமிழக்கும் ஒரு பெண் முடிவெடுக்க வேண்டியது இந்த எண்ணை வைத்தே. விழுக்காட்டை மட்டும் சொல்லி அடிப்படை எண்ணை மறைக்கும் எந்தச் செய்தியையும் நம்பி மருந்தை நிறுத்தவோ தொடங்கவோ கூடாது.

என் பார்வையில் இதைவிடப் பெரிய பிழை, வயதைக் கவனியாமல் விட்டதுதான். அப்பெண்களின் சராசரி வயது 63. அதாவது பெரும்பாலோருக்கு மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் கடந்திருந்தன. உடல் திடீரெனக் கொதிப்பதற்காகச் சிகிச்சை தேடி வருபவர்களோ பெரும்பாலும் ஐம்பதை ஒட்டியவர்கள். 2007இல் அதே தரவுகளை வயது வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, மாதவிடாய் நின்ற பத்தாண்டுகளுக்குள் தொடங்கியவர்களிடம் மாரடைப்பு முதலிய இதயநோய்கள் கூடியதாகத் தெரியவில்லை. பக்கவாத ஆபத்து மட்டும் வயது வேறுபாடின்றிக் காணப்பட்டது. இதைக் கொண்டு ஹார்மோன் இதயத்தைக் காக்கும் என்று முடிவு கட்டுவதும் தவறே. முன்பு அப்படித்தான் நம்பினார்கள். விரும்பி ஹார்மோன் உண்ட பெண்கள் பொதுவாகவே வசதியும் உடல்நலப் பேணலும் மிக்கவர்களாக இருந்ததால், அவர்களை வெறுமனே கவனித்த ஆய்வுகள் மருந்துக்கு உரியதல்லாத பெருமையையும் அதற்கே அளித்துவிட்டன.

ஹார்மோன்கள் அனைத்தும் ஒன்றே எனக் கருதுவது அடுத்த பிழை. அங்கே கொடுக்கப்பட்டது, சினைக்குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனும் மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் என்னும் செயற்கைப் புரோஜெஸ்டினும் கலந்த மாத்திரை. கருப்பை அகற்றப்பட்ட 10,739 பெண்களிடம் தனியே நடந்த மற்றொரு பிரிவில், ஈஸ்ட்ரோஜன் மட்டும் உண்டவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. ஆனால் அதைக் கேட்டு, கருப்பை உள்ள ஒரு பெண் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தானாக வாங்கி உண்பது பேராபத்து. துணைக்குப் புரோஜெஸ்டின் இல்லாவிட்டால் கருப்பையின் உட்சவ்வு தடித்துப் புற்றுநோய்க்கு இடமளிக்கும் என்பது 1975லேயே வெளிவந்த ஆய்வுகளில் தெரிந்துவிட்டது.

மிகவும் வருந்தத்தக்க தவறு ஒன்றுண்டு. நாற்பது வயதுக்கு முன்பே சினைப்பைகள் செயலிழந்த அல்லது அறுவையில் அகற்றப்பட்ட பெண்களுக்கும் இதே ஆய்வைக் காட்டி ஹார்மோன் மறுக்கப்படுவதுண்டு. அந்த ஆய்வில் ஐம்பதுக்குக் குறைந்த ஒருவர்கூட இல்லை. இச்சிகிச்சையில் இவர்களுக்குக் கூடுதலாக எதுவும் தரப்படுவதில்லை. அந்த வயதில் உடலே சுரந்திருக்க வேண்டியதுதான் ஈடு செய்யப்படுகிறது. அது கிடைக்காவிட்டால் எலும்பு விரைவில் நலிகிறது, இதயநோய் வாய்ப்பும் உயர்கிறது. ஆகவே மார்பகப் புற்றுநோய் போன்ற தடைகள் இல்லாதபோது, இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதான ஏறத்தாழ ஐம்பது வரையிலாவது ஹார்மோனைத் தொடருமாறு மருத்துவ வழிகாட்டு நெறிகள் பரிந்துரைக்கின்றன.