பல்கலைக்கழக நகரத்தில் காசில்லாமல் பொழுதுபோக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்கலைக்கழகத்தை நடுவில் வைத்து வளர்ந்த ஊர்களில், காசே செலவழிக்காமலோ மிகக் குறைவாகச் செலவழித்தோ பார்ப்பதற்கும் கேட்பதற்கும் ஏராளமாக உண்டு. இருந்தும் அத்தகைய ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்களில் பலர், பூட்டிய கதவுகளையும் வெறிச்சோடிய வளாகத்தையும் பார்த்துவிட்டு வந்து, அங்கே ஒன்றுமே இல்லை என்பார்கள். அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. அவர்கள் போன நாளில் உண்மையிலேயே ஒன்றும் இருந்திருக்காது. சுற்றுலாத் தலங்களில் எல்லாமே வருகிறவர்களை எதிர்பார்த்து நடக்கும். பல்கலைக்கழக நகரத்திலோ அருங்காட்சியகம், இசையரங்கு, தாவரவியல் பூங்கா, தொலைநோக்கி ஆகிய அனைத்தும் முதன்மையாகக் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் உரியவை. வெளியாருக்கு அவற்றால் கிடைப்பது நெல்லுக்குப் பாய்ந்த நீர் புல்லுக்கும் பொசிவது போன்றதுதான். இதை மறந்துவிடுவதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

அவற்றுள் முதலாவதும் பெரியதும், கல்வியாண்டு நாட்காட்டியைப் பார்க்காமல் கிளம்புவது. பயணத்துக்கு முன் வானிலையைப் பார்க்கிறவர்கள்கூட, பல்கலைக்கழகத்தின் பருவம் எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்று பார்ப்பதில்லை. ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பாடம் நடக்கும் முழுப் பருவம் ஒவ்வொன்றும் சுமார் 8 வாரம். ஆண்டுக்கு 3 பருவம். ஆக மொத்தம் 52 வாரங்களில் ஏறத்தாழ 24 வாரங்கள்தான் அந்த ஊர்கள் தம் இயல்பான வேகத்தில் இயங்குகின்றன. மற்ற வாரங்களில் பொதுச் சொற்பொழிவுகளும் மாணவர் நாடகங்களும் அரிதாகிவிடும். கல்லூரிப் பாடகர் குழுக்களில் பலவும் ஓய்வெடுக்கும். பருவம் நடக்கிறது என்பது மட்டும் போதாது, பருவத்தின் எந்தப் பகுதி என்பதும் முக்கியம். தொடக்க வாரங்களில் அறிமுகக் கூட்டங்கள் அதிகம் இருக்கும், நிகழ்ச்சிகள் குறைவாக இருக்கும். தேர்வு நடக்கும் நாட்களில் பல கல்லூரிகள் பார்வையாளர்களுக்குக் கதவடைத்துவிடும். விளைச்சல் மிகுந்த காலம், தேர்வுக்கு முந்தைய மூன்று நான்கு வாரங்கள். பட்டத்துக்காக வாசிக்க வேண்டிய தனிக் கச்சேரிகளும், ஓவிய மாணவர்களின் இறுதிக் கண்காட்சிகளும், நாடகத் துறையின் அரங்கேற்றங்களும் அப்போது ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். ஒரே மாலையில் மூன்றுக்குப் போக ஆசைப்பட்டு எதை விடுவது என்று தவிக்கும் நிலைகூட வரும்.

இரண்டாவது தவறு கூச்சம். பெரிய கட்டடத்தின் முன் நின்று, இது மாணவர்களுக்கானது போலிருக்கிறது, நம்மை ஏதாவது கேட்டுவிடுவார்கள் என்று திரும்பிவிடுகிறவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1683-ஆம் ஆண்டிலிருந்தே பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது; இன்று அங்கே நிரந்தரக் காட்சிகளைப் பார்க்க நுழைவுக் கட்டணம் கிடையாது. அது முதலில் திறக்கப்பட்ட பழைய கட்டடத்தில் இப்போது அறிவியல் வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. 1931-இல் ஐன்ஸ்டைன் அந்த ஊரில் சொற்பொழிவாற்றியபோது எழுதிய கரும்பலகை, பிரபஞ்சத்தின் அடர்த்தி, ஆரம், வயது ஆகியவற்றின் கணக்குகள் அழியாமல், அங்கே மாட்டப்பட்டிருக்கிறது. வாசல்வரை வந்து கூசித் திரும்பியவர்களுக்கு அதுவும் கிடைக்காது. கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகமும், நியூ ஹேவனில் யேல் பல்கலைக்கழகம் 1832-இல் தொடங்கிய ஓவியக்கூடமும் இதே வகையைச் சேர்ந்தவை.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. வளாகம் திறந்திருக்கிறது என்பதற்காக அதில் உள்ள எல்லாக் கதவுகளும் நமக்காகத் திறந்திருப்பதாக நினைத்துக்கொள்வது. நூலகங்களில் இது அடிக்கடி நேர்கிறது. காட்சிக்கூடம் வேறு, படிக்கும் அறை வேறு. யேலின் பைனெக்கே அரிய நூலகத்தை எடுத்துக்கொள்வோம். 1963-இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்துக்கு வழக்கமான சன்னல்களே கிடையாது. மெல்லிய பளிங்குப் பலகைகள் வழியாக வெயில் மங்கிய தேன் நிறத்தில் உள்ளே கசியும். அந்த வெளிச்சத்தையும், நடுவில் கண்ணாடிக் கோபுரமாக எழும் புத்தக அடுக்குகளையும், காட்சிக்கு வைத்துள்ள, ஐரோப்பாவின் தொடக்க கால அச்சு நூல்களில் ஒன்றான குட்டன்பர்க் பைபிளையும் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் ஒரு கையெழுத்துப் படியைக் கையில் வாங்கிப் படிக்க வேண்டுமென்றால் முன்கூட்டிப் பதிவு செய்திருக்க வேண்டும். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் கிறிஸ்டோபர் ரென் வடிவமைத்து 1695-இல் முடிந்த நூலகம் பார்வையாளர்களுக்குச் சில மணி நேரம் மட்டுமே திறந்திருக்கும். அரை மணி பிந்திப் போனால் நியூட்டன் தம் கையால் திருத்தங்கள் எழுதிவைத்த சொந்தப் புத்தகப் பிரதியைப் பார்க்காமலேயே திரும்ப வேண்டியதுதான். புல்வெளியில் கால் வைக்காதீர்கள் என்ற பலகையையும் அங்கே அலங்காரம் என்று எண்ணிவிடக் கூடாது. கேம்பிரிட்ஜின் பல கல்லூரிகளில் அந்தப் புல்லில் நடக்கும் உரிமை அதன் பேராசிரிய உறுப்பினர்களுக்கு மட்டுமே உண்டு, மாணவர்களுக்கே கிடையாது.

ஒரே இடத்துக்கு இரண்டு வழிகள் இருப்பதைக் கவனிக்காமல் விடுவது இன்னொரு தவறு. கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தைப் பகலில் சுற்றிப் பார்க்கச் சீட்டு வாங்க வேண்டும். பருவ நாட்களில் மாலையில் நடக்கும் பாட்டு வழிபாட்டுக்கு வருகிறவர்களிடம் கட்டணம் கேட்பதில்லை. அதே விசிறி வடிவக் கல் விதானத்தின் கீழ் அமர்ந்து, அது எந்த ஒலிக்காகக் கட்டப்பட்டதோ அந்த ஒலியையே கேட்கலாம். ஆனால் அது வழிபாடு என்பதை மறந்து, கட்டணமில்லாக் காட்சியாக நினைத்துக் கைப்பேசியை உயர்த்துவதும் நடுவில் எழுந்து போவதும் கூடாது. நம்பிக்கை இல்லாதவர்களும் அமைதியாக உட்கார்ந்திருக்கத் தடையில்லை.

இசையைப் பொறுத்தவரை, பெரிய அரங்கின் சுவரொட்டியை மட்டும் பார்த்துவிட்டுச் சீட்டு விலையைக் கண்டு பின்வாங்குவதுதான் வழக்கமான பிழை. அமெரிக்காவின் புளூமிங்டனில் உள்ள இந்தியானா பல்கலைக்கழகத்தின் ஜேக்கப்ஸ் இசைப் பள்ளியில் ஆண்டுக்கு 1,000-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் நடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் இல்லை. இந்த நிகழ்ச்சிகள் சுவரொட்டியில் ஏறுவதில்லை. துறையின் அறிவிப்புப் பலகையில் குண்டூசி குத்திய அரைத்தாளில் இருக்கும். ஒரு பட்டக் கச்சேரி எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். ஐம்பது பேர் அமரக்கூடிய அறையில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள்: வெளியூரிலிருந்து வந்த பெற்றோர், அறைத்தோழர்கள், கடைசி வரிசையில் மடியில் தாளும் பென்சிலுமாக மதிப்பெண் போடும் ஆசிரியர்கள். வாசிக்கப் போகிற பெண் மேடையேறியதும் உள்ளங்கையை ஒருமுறை பாவாடையில் துடைத்துக்கொள்வாள். பியானோவின் அருகில் இசைத்தாளைப் புரட்ட நிற்கும் நண்பன் அவளைவிட அதிகமாகப் பதறுவான். பல மாதங்கள் உழைத்துத் தயார்செய்த ஒன்றை, எட்டடி தூரத்தில், விரல் நடுக்கம் வரை தெரியும்படி கேட்கிறோம். என் கணக்கில், அதிக விலைச் சீட்டு வாங்கி மேல்மாடத்தின் கடைசி வரிசையில் உட்காருவதைவிட இது எவ்வளவோ மேல். இங்கே செய்யக்கூடாதது ஒன்றே ஒன்று: தாமதமாக நுழைவது. பன்னிரண்டு பேர் இருக்கும் அறையில் கதவு கிறீச்சிடுவது எல்லோருக்கும் கேட்கும். நேரத்துக்கு வர முடியாமல் போனால் இடைவேளை வரை வெளியே நிற்பதே மரியாதை.

தாவரவியல் பூங்காக்களைப் பொதுப் பூங்காக்களாக நினைப்பதும் தவறு. இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகம் 1545-இல் மருந்துச் செடிகளைக் கற்பிக்க அமைத்த தோட்டம் இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. 1585-இல் நட்ட ஒரு பனை இனம், 1786-இல் ஜெர்மன் கவிஞர் கோதே வந்து பார்த்ததால் அவர் பெயராலேயே வழங்குகிறது. அங்கே நுழையக் கட்டணம் உண்டு. இதாக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் தோட்டங்களுக்குக் கட்டணம் இல்லை. ஆகவே பல்கலைக்கழகத் தோட்டம் என்றால் இலவசம் என்று பொதுவாக முடிவுகட்ட முடியாது. இரண்டிலும் பொதுவானது, ஒவ்வொரு செடியும் ஓர் ஆவணம் என்பது. செடியின் காலடியில் செருகியிருக்கும் சிறு தகட்டைக் குனிந்து பாருங்கள்: குடும்பப் பெயர், அறிவியல் பெயர், இயற்கையாக வளரும் நாடு, ஓரத்தில் ஒரு எண். பல தோட்டங்களில் அந்த எண்ணின் முதல் நான்கு இலக்கங்கள் அந்தச் செடியோ விதையோ தோட்டத்தின் பதிவேட்டில் ஏறிய ஆண்டைக் குறிக்கும். இது தெரிந்தபின் நடை மெதுவாகிவிடும். கீழே கிடக்கும் விதையை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வதும் யாரோ ஒருவரின் ஆய்வில் கைவைப்பதாகலாம். பருவமும் முக்கியம்: மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆன் ஆர்பரில் பராமரிக்கும் நிக்கோல்ஸ் மரப்பூங்காவின் புகழ்பெற்ற பியோனி மலர்கள் மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் சிறிது காலமே பூத்திருக்கும்.

பழைய தகவலை நம்பிப் போவதால் இழப்பு இரண்டு பக்கமும் வரும். ஹார்வர்டு பல்கலைக்கழகக் கலை அருங்காட்சியகங்கள் 2023 ஜூன் முதல் அனைவருக்கும் இலவசம். பழைய கையேட்டைப் பார்த்துக் கட்டணம் உண்டென்று ஒதுக்குகிறவர்கள் இன்னும் இருக்கலாம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகமோ கட்டட வேலைக்காகப் பல ஆண்டுகள் மூடிக்கிடந்து 2025 அக்டோபர் இறுதியில்தான் புதிய கட்டடத்தில் திறந்தது. கிளம்பும் நாளன்று அந்தந்த நிறுவனத்தின் சொந்த அறிவிப்பைப் பார்ப்பதற்கு ஈடாக வேறெதுவும் இல்லை.

இலவசம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் செலவுகளும் உண்டு. வளாக வாகன நிறுத்துமிடம்தான் முதல் கண்ணி. பல இடங்களில் மாலை நேரத்திலும் வார இறுதியிலும் தளர்வு இருக்கும், ஆனால் ஒவ்வொரு நிறுத்துமிடத்துக்கும் விதி வேறு என்பதால் நுழைவாயில் பலகையை முழுதாகப் படிக்க வேண்டும். அபராதம் கட்டினால், மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே சீட்டில் போய்விடும். சிறப்புக் கண்காட்சிகளுக்குத் தனிக்கட்டணம் இருக்கலாம். இலவச முன்பதிவு என்றால் வேறொரு பொறுப்பு சேர்கிறது. செலவில்லையே என்று மூன்று நிகழ்ச்சிகளுக்குப் பதிவு செய்து ஒன்றுக்கு மட்டும் போகிறவர்களால், இடம் நிறைந்துவிட்டதென்று திருப்பி அனுப்பப்பட்டவர் ஒருவர் இருப்பார், அவருக்குரிய நாற்காலி காலியாகவே கிடக்கும்.

கடைசியாக வானியல் இரவுகள். தொலைநோக்கி வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் பலவும் மாதத்தில் சில இரவுகளைப் பொதுமக்களுக்கு ஒதுக்குகின்றன. வருகிறவர்களில் பலர் முழுநிலவு நாளே நல்லது என்று நினைக்கிறார்கள். நிலவின் ஒளியில் மங்கலான பொருள்கள் எல்லாம் மறைந்துபோகும், நிலவின் பள்ளங்களைப் பார்க்கவும் முழுநிலவைவிடப் பிறை நாட்களே உகந்தவை, ஏனெனில் சாய்ந்து விழும் வெயிலில்தான் நிழல்கள் நீளும். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். வரிசையில் நிற்கும்போது ஒருமுறை கைப்பேசியைத் திறந்தால் அந்தப் பழக்கம் கலைந்துவிடும், பக்கத்தில் நிற்பவருக்கும் சேர்த்து. படங்களில் பார்த்த வண்ணங்களை எதிர்பார்த்துக் குனிகிறவருக்கு ஆண்ட்ரோமேடா விண்மீன் மண்டலம் ஊதி அணைத்த புகைபோல ஒரு சாம்பல் கறையாகத்தான் தெரியும். உடனே கண்ணை எடுத்துவிடாமல், அந்தக் கறையை நேராகப் பார்க்காமல் சற்றே ஓரமாகப் பார்த்தால், விழித்திரையின் ஓரப்பகுதி மங்கிய ஒளியை நன்றாக உணரும் என்பதால், அது மெல்ல விரியும். தொலைநோக்கியின் அருகில் குளிரில் நின்றுகொண்டிருக்கும் ஆய்வு மாணவரிடம், இந்த ஒளி எப்போது கிளம்பியது என்று கேளுங்கள். சுமார் 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் என்று சொல்வார். நீங்கள் கேட்டதற்காக, வரிசை நீண்டிருந்தாலும் இன்னும் ஒரு நிமிடம் பார்க்க விடுவார்.