குச்சிக்குக் காத்திருந்து கோட்டை விடுபவர்களுக்கு

போன மே மாதம் அக்கா பையன் ஆம்பூரிலிருந்து லீவுக்கு வந்திருந்தான். வேலூர் வெயில்தான் தெரியுமே, பதினோரு மணிக்கு மேல் தெருவில் கால் வைக்க முடியாது. பரணில் கிடந்த பழைய பிரிக் கேமை, அதாவது கைக்குள் அடங்கும் டெட்ரிஸ் கருவியைத் துடைத்து, இரண்டு பென்சில் பேட்டரி போட்டுக் கொடுத்தேன். தொண்ணூறுகளில் லாங்கு பஜாரில் பேரம் பேசி வாங்கியது, இன்னும் ஓடுகிறது. மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கி ஒரு வரியை இடைவெளியில்லாமல் நிரப்பினால் அது அழியும், அடுக்கு உச்சியைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. ஆள் மாற்றி ஆள் ஆடுவது, யாருக்கு ஸ்கோர் அதிகம் என்று பார்ப்பது. இதுதான் பந்தயம். மூன்றாவது ஆட்டத்திலேயே பயல் சலித்துக்கொண்டான்.

“இன்னா மாமா, குச்சியே வரமாட்டேங்குது?”

குச்சி என்றால் நான்கு கட்டமும் ஒரே நேர்கோட்டில் இருக்கும் நீளக் கட்டை. வந்தது. இரண்டு தடவை வந்தது. வந்த நேரத்தில் அது இறங்க வேண்டிய பள்ளத்தின் வாயில் இசட் கட்டை ஒன்று குறுக்கே படுத்திருந்தது.

டெட்ரிஸில் தோற்றவர்களைக் கேட்டால் வேகத்தைத்தான் குறை சொல்வார்கள். உண்மையில் பத்து கட்டைக்கு முன்பே தோற்றிருப்பார்கள், வேகம் வந்து கணக்கை முடிக்கும், அவ்வளவுதான்.

முதல் தவறு, மட்டமாக அடுக்குவது. நம்ம பையன் ஷூ கம்பெனி லாரியில் அட்டைப்பெட்டி ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்தவன். மேல்பரப்பு சமமாக இருந்தால்தான் நல்ல அடுக்கு என்று நம்புகிறான். லாரிக்கு அது சரி. இங்கே ஏழு வகைக் கட்டைகள், ஒவ்வொன்றிலும் நான்கு கட்டம். எஸ், இசட், டி, எல், ஜே என்பதெல்லாம் அந்தந்த ஆங்கில எழுத்து மாதிரி வளைந்தவை. அதில் எஸ், இசட் இரண்டுக்கும் சமதளமே ஆகாது. படுக்க வைத்தாலும் நிமிர்த்தி வைத்தாலும் அடியில் ஒரு கட்டம் காலியாக மாட்டிக்கொள்ளும். அந்த ஓட்டையை எடுக்க மேலே இருப்பதையெல்லாம் கரைக்க வேண்டும். அதனால் பரப்பில் ஒரே ஒரு கட்ட உயரத்துக்கு ஒரு படி இடப்பக்கம் ஏறுவதாகவும், இன்னொரு படி வலப்பக்கம் ஏறுவதாகவும் எப்போதும் இருக்கட்டும். சதுரம் உட்கார இரண்டு கட்ட அகலத்தில் ஒரு திண்ணை. இவ்வளவு இருந்தால் எந்தக் கட்டை வந்தாலும் பதற வேண்டியதில்லை.

அடுத்தது பள்ளங்களின் ஆழம். ஒரு கட்ட அகலப் பள்ளம் ஒரு கட்டம் ஆழம் என்றால் டி மூடிவிடும். இரண்டு கட்டம் என்றால் எல், ஜே இரண்டில் பொருத்தமானது தலைகீழாக இறங்கும். மூன்று கட்டம் ஆகிவிட்டால் குச்சியை விட்டால் வேறு கதியில்லை. அப்படிப்பட்ட பள்ளம் பலகையில் ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு வைத்திருப்பவர் ஒரே மாப்பிள்ளையை இரண்டு பெண்ணுக்குப் பேசி முடித்தவர் மாதிரி.

சரி, அந்த ஒரு பள்ளமாவது எதற்கு? எல்லாம் கணக்குதான். நிண்டெண்டோ 1989-ல் டிவி கேமுக்கு வெளியிட்ட பதிப்பில், தொடக்க நிலையில் ஒரு வரி அழித்தால் 40 புள்ளி, இரண்டுக்கு 100, மூன்றுக்கு 300, நான்கும் சேர்ந்து போனால் 1200. தனித்தனியாக நான்கு வரி எடுத்தவருக்கு 160தான். அதே ஆண்டு வந்த கேம் பாய் என்ற கையடக்கக் கருவியில் இரண்டு கருவிகளை வயரால் இணைத்து மோதலாம். ஒரு வரி எடுத்தால் எதிராளிக்கு ஒரு தொல்லையும் இல்லை. இரண்டு எடுத்தால் அவர் பலகையின் அடியில் ஒரு வரி குப்பை ஏறும், மூன்றுக்கு இரண்டு, நான்குக்கு நான்கு. ஒவ்வொரு வரியாக மென்று விழுங்குகிறவர் எதிராளியைச் சீண்டுவதே இல்லை.

ஆனால் இதைத் தெரிந்துகொண்டதும் வருவதுதான் பெரிய தவறு. குச்சிக்காக வாயைப் பிளந்து காத்திருப்பது. இப்போதைய டெட்ரிஸ்களில் ஏழு கட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, பை காலியான பிறகே மறுபடி நிரப்புகிறார்கள். அதனால் இரண்டு குச்சிகளுக்கு நடுவே அதிகபட்சம் 12 கட்டைகள்தான் வரும். பழைய டிவி கேமில் இந்த உத்தரவாதம் கிடையாது. ஏழில் ஒன்று என்று வெறும் குலுக்கலாகவே கணக்குப் போட்டாலும், அடுத்த இருபது கட்டைகளிலும் குச்சி தலைகாட்டாமல் போக நூற்றுக்கு நாலைந்து வாய்ப்பு உண்டு. ஒரு ஆட்டத்தில் நூற்றுக்கணக்கான கட்டைகள் விழுகின்றன. அப்படியென்றால் இந்தப் பஞ்சம் வந்தே தீரும்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. பள்ளம் வலது ஓரத்தில் என்றால் அடுக்கை இடப்பக்கம் உயர்த்தி, பள்ளத்தை நோக்கிச் சரித்துக் கட்டுங்கள். பள்ளத்துக்குப் பக்கத்து நெடுவரிசை மட்டும் பள்ளத்தின் அடியிலிருந்து இரண்டு கட்டத்தோடு நிற்கட்டும். மற்றவை மூன்றோ அதற்கு மேலோ இருந்தால், தலைகீழ் எல் ஒன்று ஓரத்தில் இறங்கி மூன்று வரிகளைச் சுத்தமாக எடுத்துவிடும். குச்சி வந்தால் லாபம், வராவிட்டால் நஷ்டமில்லை.

விரல் வேகத்தைப் பற்றியும் கொஞ்சம். அந்த டிவி கேமில் திரையில் படம் நொடிக்கு 60 தடவை மாறும், ஒவ்வொன்றும் ஒரு பிரேம். பட்டனை அழுத்திப் பிடித்தால் கட்டை ஒரு கட்டம் நகர்ந்து, 16 பிரேம் யோசித்து, அப்புறம் 6 பிரேமுக்கு ஒரு கட்டமாக நகரும். நிலை ஏற ஏற வேகம் கூடும். 29-ஆம் நிலையிலோ கட்டை ஒரு பிரேமுக்கு ஒரு வரி இறங்குகிறது. பலகையின் உயரமே 20 வரிதான், மூன்றில் ஒரு நொடியில் தரை. அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓரத்துக்குப் போவது நடக்காது. அதனால்தான் வெளிநாட்டுப் பையன்கள் பட்டனைப் படபடவென்று தட்டுகிறார்கள். ரோலிங் என்று கன்ட்ரோலரின் பின்பக்கத்தில் விரல்களால் தாளம் போடுகிறார்கள். அந்த வித்தையால்தான் 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 13 வயதுப் பையன் ஒருவன் 157-ஆம் நிலையில் கேமையே உறைய வைத்தான். வீடியோ பார்த்துவிட்டு நம்ம ஆளும் பிரிக் கேமின் முதுகில் மிருதங்கம் வாசித்தான். அடுக்கே நேராக வராதவனுக்கு அது எதற்கு?

எதிராளியின் திரையை எட்டிப் பார்ப்பது இன்னொரு வியாதி. அவர் எங்கே வைத்தால் உங்களுக்கென்ன? உங்கள் கண் போக வேண்டிய இடம் ஓரத்தில் அடுத்த கட்டையைக் காட்டும் சின்னப் பெட்டி. விழுகிற கட்டையை மட்டும் பார்ப்பவர் பாதி ஆட்டம்தான் ஆடுகிறார்.

இதையெல்லாம் விளக்கிக்கொண்டே கடைசி ஆட்டத்தை நான் ஆடினேன். நான்கு வரி தயார், வலது ஓரம் திறந்திருக்கிறது, பக்கத்து நெடுவரிசை மட்டும் இரண்டு கட்டத்தில் நிற்கிறது. கையில் எல். அதைத் திருப்பி அந்த நெடுவரிசை மேல் வைத்து நிரப்பியிருந்தால் பள்ளம் அப்படியே நின்றிருக்கும். நானோ சொன்னபடி அதை ஓரத்தில் தலைகீழாக இறக்கினேன். மூன்று வரி போயிற்று. “பார்த்தியா, காத்திருக்கக் கூடாது” என்று நிமிர்ந்தேன்.

மேலிருந்து குச்சி இறங்கிக்கொண்டிருந்தது.

“மாமா, நெக்ஸ்ட்டு பாக்கலியா?” என்றான்.