ஆன்டெனா டிவியை ஜெல்லிஃபின்னில் பதிவு செய்வது எப்படி?

அமெரிக்காவில் இருந்துகொண்டு, டிவி நிகழ்ச்சிகளை ஜெல்லிஃபின் என்ற இலவச மீடியா சர்வர் மென்பொருள் வழியே சொந்தக் கணினியில் பதிவு செய்து வைக்க நினைப்பவர்களுக்கான செய்முறை இது. எல்லோரும் முதலில் "எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்றுதான் கேட்கிறார்கள். அது அப்புறம். சிக்னல் பூட்டியதா (நகலெடுக்க முடியாதபடி மறையாக்கம் செய்ததா), திறந்ததா என்பதை முதலில் பாருங்கள்.

படி 1: சிக்னலைத் தேர்ந்தெடுங்கள்

கேபிள் வேண்டாம். 2012-ல் எஃப்சிசி (அமெரிக்கத் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) அனுமதித்த பிறகு கேபிள் நிறுவனங்கள் அடிப்படை சேனல்களைக்கூட பூட்டத் தொடங்கிவிட்டன. கேபிள்கார்டு (பூட்டைத் திறக்க கேபிள் நிறுவனம் தரும் அட்டை) போட்டுத் திறந்தாலும் ஒவ்வொரு சேனலோடும் ஒரு குறி வரும்: தாராளமாக நகலெடுக்கலாம், ஒருமுறை மட்டும், கூடவே கூடாது. முதல் வகைதான் மித்டிவி போன்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் பதிவாகும். இரண்டாம் வகைக்கு, இப்போது நிறுத்தப்பட்டுவிட்ட விண்டோஸ் மீடியா சென்டர் மாதிரி சான்றிதழ் வாங்கிய மென்பொருள் வேண்டும். பயனர் உள்ளே கைவைக்க முடியக்கூடாது என்பது அந்தச் சான்றிதழின் நிபந்தனை. யார் வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளட்டும் என்று மூலநிரலை வெளியிடுபவர்கள் அதற்கு எங்கே போவார்கள்?

ஆன்டெனாவில் வரும் ஏடிஎஸ்சி 1.0 (அமெரிக்க டிஜிட்டல் ஒளிபரப்பு முறையின் பழைய பதிப்பு) ஒளிபரப்பில் பூட்டு இல்லை. போட முயற்சி நடந்தது. 2003-ல் எஃப்சிசி 'பிராட்காஸ்ட் ஃப்ளாக்' விதியைக் கொண்டுவந்து, 2005 ஜூலை 1 முதல் புதிய டிஜிட்டல் டிவி கருவிகள் நகல் தடைக் குறிக்குக் கட்டுப்பட வேண்டும் என்றது. அமெரிக்க நூலகச் சங்கமும் வேறு சில அமைப்புகளும் வழக்குப் போட்டன. கெடுவுக்கு இரண்டு மாதம்கூட இல்லாத நிலையில், மே 6 அன்று, வாஷிங்டன் டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றம் விதியை ரத்து செய்தது. சிக்னல் வந்து சேர்ந்த பிறகு வீட்டுக் கருவி அதை என்ன செய்கிறது என்பதில் எஃப்சிசிக்கு அதிகாரம் இல்லை என்பது தீர்ப்பு. அது வேறு மாதிரி வந்திருந்தால் இனி வரும் படிகளை எழுதவே வேண்டியிருந்திருக்காது.

படி 2: டியூனர்

ஆன்டெனா சிக்னலை வாங்கி வீட்டு நெட்வொர்க்கில் அனுப்பும் பெட்டிதான் நெட்வொர்க் டியூனர். எச்டிஹோம்ரன் போன்ற ஒன்றை வாங்குங்கள். ஆன்டெனா வயரையும் ரவுட்டரிலிருந்து வரும் ஈதர்நெட் வயரையும் செருகி, பிரவுசரில் அதன் பக்கத்தைத் திறந்து சேனல்களைத் தேடச் சொல்லுங்கள்.

பட்டியலில் ஒன்றைக் கவனியுங்கள். 5.1 என்று இருப்பது ஏடிஎஸ்சி 1.0. அதே நிலையம் 105.1 என்று நூறு கூட்டி வந்தால் அது ஏடிஎஸ்சி 3.0. புதியது, படம் நன்றாக இருக்கும் என்று 105.1-க்குத் தாவாதீர்கள். ஏடிஎஸ்சி 3.0-ல் பல நிலையங்கள் டிஆர்எம் என்ற டிஜிட்டல் பூட்டைப் போட்டிருக்கின்றன. ஒரு வழியில் தோற்ற பூட்டு இன்னொரு வழியில் வந்துவிட்டது. பழைய 5.1-ஐயே எடுங்கள்.

படி 3: ஜெல்லிஃபின்

நிறுவுவது எளிது, விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். டாஷ்போர்டில் லைவ் டிவி பகுதிக்குப் போய், டியூனர் வகையாக எச்டிஹோம்ரன்னைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்தால் போதும்.

படி 4: நிகழ்ச்சிப் பட்டியல்

எது எத்தனை மணிக்கு என்று தெரியாமல் பதிவு செய்ய முடியாது. ஸ்கெட்யூல்ஸ் டைரக்ட் என்ற லாபநோக்கற்ற அமைப்பு ஆண்டுச் சந்தாவுக்கு இந்தத் தகவலைத் தருகிறது. இதில் கஞ்சத்தனம் வேண்டாம். இலவசப் பட்டியல்களைத் தேடி அலையும் நேரத்துக்கு அந்தச் சந்தா மலிவு.

படி 5: முதல் பதிவு

பதிவு அமைப்பில் தொடக்கத்துக்கு முன் 2 நிமிடம், முடிவுக்குப் பின் 5 நிமிடம் கூடுதலாக வையுங்கள். விளையாட்டு என்றால் இன்னும் தாராளமாக.

வட்டில் இடம் பாருங்கள். ஓர் ஏடிஎஸ்சி 1.0 அலைவரிசை நொடிக்கு 19.39 மெகாபிட் கொண்டுவரும். முழுவதும் ஒரே சேனலுக்குப் போனால் மணிக்குச் சுமார் 8.7 ஜிபி. துணைச் சேனல்களும் அதையே பங்கு போடுவதால் நடைமுறையில் குறையும். கோப்பு, பெரும்பாலான பிரவுசர்கள் நேரடியாக ஓட்டாத எம்பெக்-2 என்ற வீடியோ வடிவில் இருப்பதால் பிரவுசரில் பார்க்கும்போது ஜெல்லிஃபின் அதை மாற்றியபடியே ஓட்டும். பழைய லேப்டாப் என்றால் விசிறி இரையும்.

சட்டம்? பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது குற்றமல்ல என்று 1984-லேயே, வீடியோ ரெக்கார்டர் பற்றிய சோனி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பூட்டை உடைப்பது வேறு கதை. 1998-ன் டிஎம்சிஏ என்ற டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம் அதைத் தடை செய்கிறது. ஆகவே 105.1-ஐ உடைக்க வழி கேட்டு எனக்கு எழுத வேண்டாம்.

கடைசியாக ஒரு சோதனை. பதிவான கோப்பை பென் டிரைவில் போட்டு, இன்டர்நெட்டைத் துண்டித்த வேறொரு கணினியில் விஎல்சி வீடியோ பிளேயரில் திறந்து பாருங்கள். ஓடினால் வேலை முடிந்தது. ஓடாவிட்டால் எந்த எண்ணில் பதிவு செய்தீர்கள் என்று படி 2-ல் போய்ப் பாருங்கள்.