டென்னிஸ் எல்போ: ஊசியில் நிற்காத வலி எதில் நின்றது

சந்தூர்ப் பக்கம் மாங்கன்று ஒட்டுக் கட்டும் வேலை எனக்கு. கவாத்துக் கத்தரியை அழுத்தினால் வலது முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையில் சுருக்கென்று குத்தும். இதைத்தான் டென்னிஸ் எல்போ என்கிறார்கள். ஒரு சொம்புத் தண்ணீரைத் தூக்க முடியாது. எட்டு மாதம் இப்படியே போனது.

மாத்திரை, தைலம் பயன்படவில்லை. ஸ்டீராய்டு ஊசி போட்ட மூன்றாம் நாள் வலி போய், இரண்டு மாதத்தில் முன்னைவிட அதிகமாகத் திரும்பியது. ஊசி ஆறு வாரத்துக்குச் சுகம் தரும், ஓராண்டுக் கணக்கில் போடாதவர்களே மேல் என்று 2006, 2013இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இந்த வலிக்குக் கையில் இறுக்கிக் கட்டும் பட்டையையும் (ஸ்ட்ராப்) தப்பாகக் கட்டியிருந்தேன். வலிக்கும் எலும்பின் மேல் கட்டக் கூடாது. அதற்கு இரண்டு விரல் கீழே, முன்கைச் சதையில் கட்ட வேண்டும்.

தீர்த்தது பயிற்சிதான். முன்கையை மேசையில் வைத்து, மணிக்கட்டு விளிம்பைத் தாண்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடிக்கவும். இடது கையால் மணிக்கட்டை மேலே தூக்கிவிட்டு, வலது கையால் மட்டும் நான்கு எண்ணும்வரை மெல்ல இறக்கவும். 15 முறை, மூன்று சுற்று, தினமும். தூக்குவதையும் வலது கையாலேயே செய்ததில் எனக்கு மூன்று வாரம் வீண். பயிற்சியில் லேசான வலி இருக்கலாம். மறுநாள் காலையிலும் நீடித்தால் பாட்டிலில் பாதித் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

ஆறாவது வாரம் சொம்பு தூக்கினேன், பன்னிரண்டாவது வாரம் கத்தரி பிடித்தேன். கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூப் சுற்றியிருக்கிறேன். பிடி தடித்தால் அவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை.