வளரிளம் பருவ ஆய்வுகளை மீளாய்வு செய்யும்போது யாரைத் தேடுவது?

தருமபுரியில் நர்சிங் பிள்ளைகளுக்கு ஆய்வுமுறைப் பாடம் எடுக்கிறேன். வருடா வருடம் சிலராவது "மேடம், வளரிளம் பருவப் பாலியல், இனப்பெருக்க நலம் பற்றி ரிவ்யூ பண்ணப்போறோம்" என்று வந்து நிற்பார்கள். ரிவ்யூ, அதாவது மீளாய்வு என்றால் ஏற்கெனவே வெளியான ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்து எடைபோடுவது. சரி, என்ன கேள்வி என்று கேட்டால் முழிப்பார்கள்.

முதலில் அதைச் சுருக்குங்கள். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 10 முதல் 19 வயது வரை வளரிளம் பருவம். பத்து வயதுச் சிறுமியின் மாதவிடாய்ச் சந்தேகமும், பத்தொன்பதில் இரண்டாவது பிரசவத்துக்கு வருபவளின் சிக்கலும் ஒரே அட்டவணையில் அடங்காது. 'தமிழ்நாட்டில் 18 வயதுக்கு முன் திருமணமானவர்களுக்குக் கருத்தடைச் சேவை எப்படிக் கிடைக்கிறது' என்கிற அளவுக்கு இறங்கினால் வேலை நகரும்.

பப்மெட்டில் (மருத்துவக் கட்டுரைகளுக்கான இணையத் தேடுதளம்) தேடும்போது ஒரே பொருள் தரும் சொற்களை 'ஆர்' (OR) போட்டுச் சேருங்கள். வெவ்வேறு கருத்துகளை 'ஆண்ட்' (AND) போட்டு இணையுங்கள். தேடிய தேதி, தேடல் வரி, வந்த எண்ணிக்கை எல்லாம் அன்றைக்கே எக்செல்லில் ஏறிவிட வேண்டும். மீளாய்வில் என்னென்ன எழுத வேண்டும் என்று சொல்லும் பிரிஸ்மா 2020 பட்டியலில் உள்ள 27 அம்சங்களில் இதுவும் உண்டு. கட்டுரைகளை இருவர் தனித்தனியாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது. தோழிதானே என்று ஒருத்தி பார்த்ததை இன்னொருத்தி அப்படியே ஒப்புக்கொள்ளக் கூடாது.

நம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு கூடுதல் கவனம் வேண்டும். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில்தான். அதற்கு முந்தைய கட்டுரையில் 'தருமபுரி மாவட்டம்' என்றிருந்தால் ஓசூர், தேன்கனிக்கோட்டை எல்லாம் அதற்குள் அடக்கம். அந்த எண்ணை இன்றைய தருமபுரியோடு வைத்து, கூடியது குறைந்தது என்று எழுதிவிடாதீர்கள்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. ஒவ்வொரு கட்டுரையிலும் யாரைக் கேட்டார்கள் என்பதைவிட, யாரைக் கேட்கவில்லை என்று பாருங்கள். பாலக்கோட்டில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் எடுத்த ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். பத்தாவதோடு நின்று மில்லுக்குப் போனவள் அதில் இல்லை. கல்யாணமாகிப் போனவளும் இல்லை. பையன்களைப் பல ஆய்வுகள் சீந்துவதே இல்லை. எக்செல்லில் 'விடுபட்டவர்கள்' என்று தனியாக ஒரு பத்தி (column) போடுங்கள். பத்துக் கட்டுரை தாண்டியதும் உங்கள் மீளாய்வின் முடிவு அந்தப் பத்தியில்தான் தெரிய ஆரம்பிக்கும்.

பெரிய சர்வேக்கும் இதே சோதனைதான். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு பெண்களில் 15 முதல் 49 வயதுக்காரர்களிடம்தான் பேசுகிறது. 10 முதல் 14 வயதினர் அதில் இல்லை. தமிழ்நாட்டில் 18 வயதுக்கு முன் மணமானோர் 2015-16இல் 16.3 சதவீதம், 2019-21இல் 12.8 சதவீதம். ஆனால் 15-19 வயதில் தாயானவர்கள் அல்லது கர்ப்பமாக இருந்தவர்கள் 5.0இலிருந்து 6.3 ஆனார்கள். முரண் மாதிரி இருக்கிறதா? முதல் எண் 20-24 வயதுப் பெண்களிடம் கேட்டது. சில வருடங்களுக்கு முன் நடந்த கல்யாணங்களின் கணக்கு. இரண்டாவது, சர்வே நேரத்து நிலைமை. போதாக்குறைக்கு, இங்கே 2019-21 சர்வேயின் களப்பணியே கொரோனா ஊரடங்குக்கு முன்னும் பின்னுமாகப் பிரிந்து நடந்தது. வயது வரம்பைப் படிக்காமல் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கதை கட்டாதீர்கள்.

ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலிருந்து எடுத்த ஆய்வா? வயதை எப்படி உறுதி செய்தார்கள் என்று தேடுங்கள். 2012 போக்சோ சட்டப்படி 18 நிரம்பாத பெண் கர்ப்பமாக வந்தால் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்தப் பயத்தில் குடும்பம் வயதைக் கூட்டிச் சொல்ல இடமுண்டு. பிறப்புச் சான்று பார்த்தார்களா, வாயால் சொன்னதை எழுதிக்கொண்டார்களா என்பது கட்டுரையில் இல்லையென்றால், 'இல்லை' என்றே குறித்துக்கொள்ளுங்கள்.

பேட்டி எங்கே நடந்தது என்பதையும் விடாதீர்கள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, எந்தப் பெண் காதலைப் பற்றி வாய் திறப்பாள்?

கடைசிப் பக்கத்தில் 'மேலும் ஆய்வுகள் தேவை' என்று மொட்டையாக எழுதி வந்தால் சிவப்புப் பேனாவால் அடித்துவிடுவேன். எந்த வயதினரிடம், எந்த இடத்தில், என்ன கேட்கும் ஆய்வு என்று சேர்த்து எழுதுங்கள்.